மருந்துக்கு வந்த காய்ச்சல்

துப்பாக்கி சுடும் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் டீச்சர் வருடம் தவறாமல் ஒரு கதை சொல்வாள். சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். அதில் கோமாளி அவளுடைய அண்ணன். முப்பது வருடமாக அவர் இல்லாத இடத்தில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. இந்த வருடம் பார்த்து அவர் வந்து தொலைத்துவிட்டார். முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கலாம் என்று டீச்சர் சுடும் மேடைப் பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

என்ன காலம் அது! அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் குட்டித் தராசை வைத்து, தங்கையின் தோட்டாக்களுக்கு வெடிமருந்தை நிறுத்துப் போடுவார். அந்த நேரத்தில் ஃபேன் போடக்கூடாது, தும்மக்கூடாது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழியும். மைதானத்துக்குப் போனதும் தோட்டாப் பெட்டியை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைப்பார். சூடேறிய மருந்து எரிகிற வேகமே வேறு. குண்டு முறுக்கோடு கிளம்பிக் குறிக்கு மேலே போய்விடும்.

"மருந்துக்கே காய்ச்சல் வந்துட்டா எந்த டாக்டர்கிட்ட போறது?" என்பார். அந்தப் பேச்சு கிளப் முழுக்க ஒட்டிக்கொண்டது. யாருக்குக் குறி மேலே போனாலும் 'காய்ச்சல்' என்று கத்துவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று டீச்சர் இப்போதும் ஏங்குவாள்.

அப்புறம் அந்த இறுதிப் போட்டி. பத்துக் குண்டு. ஒன்பதும் கறுப்பு வட்டத்தின் நடுவில். பத்தாவது குண்டு வட்டத்துக்கு மேலே. கோப்பை கைநழுவிப் போயிற்று. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்த அப்பாவிடம் அவள் அழுதுகொண்டே, "அண்ணன் பெட்டியை வெயில்ல வெச்சுட்டான்" என்றாள். அப்பா அத்தனை பேர் முன்னால் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அடுத்த வாரம் அண்ணன் தராசை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதோடு கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டீச்சர் வருடா வருடம் சொல்வது இந்த வெயில் கதையைத்தான். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள், இதை மட்டும் பேசவில்லை.

"அண்ணா, அது பொய்ண்ணா." அவள் டீயைக் கீழே வைத்தாள். "பத்தாவது தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடிட்டேன். அப்பதான் அப்பா உள்ளே வந்தாரு. உட்கார்ந்து பாக்கட்டும்னு காத்திருந்தேன். ஒன்பது சுட்டுக் கொதிச்ச குழல்ல அது அத்தனை நேரம் கிடந்துச்சு."

சுடத் தயாராகாமல் குழலை அடைக்கும் போல்ட்டை மூடாதே என்பது புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லும் பாடம். அவள் அதில்தான் கோட்டை விட்டிருந்தாள்.

அண்ணன் டீயை ஊதிக் குடித்தார். "தெரியும். பெட்டி வெயில்ல இருந்தா பத்துக்கும்ல காய்ச்சல் வந்திருக்கணும்? ஒண்ணுக்கு மட்டும் எப்படி வரும்?"

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. அன்னைக்கு சாயங்காலமே உன் குறி அட்டையை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். 'பெட்டி நிழல்ல இருந்ததை வரும்போதே பாத்தேன்டா. பொண்ணு அழுதுட்டா, நீ பொறுத்துக்கோ'ன்னாரு."

"நான் சொன்னது பொய்னு அப்பாவுக்குத் தெரியுமா? அப்பறம் எதுக்கு நீ கிளப்பை விட்டுப் போனே?"

"அதுக்காகத்தான்" என்றார் அண்ணன். "தெரியாம திட்டியிருந்தா மறுநாளே மறந்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். அண்ணன் மெல்ல நடந்து தன் நாற்காலியில் போய் உட்காரும்வரை அவள் மேடையேறாமல் நின்றாள். மைக்கைப் பிடித்ததுமே முன்வரிசைகள் சிரிக்கத் தயாராகிவிட்டன.

"பெட்டி நிழல்லதான் இருந்துச்சு" என்றாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அண்ணனைப் பார்த்தபடியே மறுபடியும் அதையே சொன்னாள்.