ரனால்டின் அடுப்பு

குளிர் போதவில்லை என்று ஏங்குகிற ஆட்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அந்த இனம்.

ஸ்காட்லாந்து முழுக்க எங்களில் நூறு பேர் இருந்தால் அதிகம். ஆளுக்கொரு வெள்ளைப் பெட்டி தோட்டத்தில் நிற்கும். அதற்குள் இருக்கும் வெப்பமானி காட்டுகிற எண், இணையத்தில் எங்களுக்கென்று இருக்கிற வரைபடத்தில் தானாகவே ஏறிவிடும். யாருடைய எண் எவ்வளவு கீழே போகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்போம். கிளாஸ்கோ பக்கத்துக்காரர்களுக்கு மழைதான் கொடுத்து வைத்தது. அவர்களைக் கிண்டல் செய்வதிலேயே பாதிப் பொழுது போய்விடும். பனி உருகப் போகிறது என்று யாராவது வாய் தவறி எழுதிவிட்டால், அடுத்த சந்திப்பில் அத்தனை பேருக்கும் விஸ்கி வாங்கித் தரவேண்டும். அது எங்கள் சட்டம்.

அந்த ஜனவரியில் யாருக்கும் அந்தச் செலவு வரவில்லை. வடக்கே வந்து உட்கார்ந்த உயர் காற்றழுத்தம், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி கிளம்புகிற வழியாக இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. காற்று நின்றுபோயிற்று. மூன்றாவது வாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் சத்தமும் நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. அது இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மலையிலிருந்து மான்கள் இறங்கி வந்து எங்கள் மதிலை ஒட்டி நின்றன. கை தட்டினால் ஓடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் என் கணவர் லாக்லன் வேலிப் பக்கம் போய், நின்றுகொண்டிருந்த ஒன்றைத் தள்ளினார். அது கால்களை மடக்காமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. எப்போது செத்ததோ.

"ஆடு மூணு போயிடுச்சு, எல்ஸ்பெத்," என்றார் உள்ளே வந்து. "உன் கூட்டத்துக்கு இன்னும் எவ்வளவு வேணுமாம்?"

"குளிரை என்னவோ நான் விலைக்கு வாங்கிட்டு வந்த மாதிரி பேசுறீங்களே!"

"விலைக்கு வாங்கல. ஆனா வாசல்ல நின்னு வா வான்னு கூப்பிட்டது யாரு?"

நான் அப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வேண்டிய எண் ஒன்றுதான்: மைனஸ் இருபத்தேழு புள்ளி இரண்டு. இந்த நாடு கண்ட ஆகக் குறைந்த குளிர் அது. சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் எங்களில் யாரும் அதை மறக்கமாட்டோம். தோட்டத்துப் பெட்டிகளை அரசாங்கம் கணக்கில் சேர்க்காது. சேர்க்காவிட்டால் போகட்டும், எங்களுக்குள் தெரிந்தால் போதும்.

அந்த எண்ணைத் தொடக்கூடியவர்கள் என்று இரண்டே பேர்தான் இருந்தோம். ஒன்று நான். இன்னொன்று, க்ளென் ஃபெஸ்க் பள்ளத்தாக்கில் தனியாக இருக்கும் ரனால்ட். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேச்சில் மகா கஞ்சன். சுற்றியுள்ள மலைகளின் குளிரெல்லாம் வழிந்து வந்து தேங்குகிற குழியில் அவன் வீடு இருந்தது. எனக்கு மைனஸ் பதினெட்டு என்றால் அவனுக்கு மைனஸ் பத்தொன்பது காட்டும். பதினைந்து வருஷமாக இதே கதை. பக்கத்து இலைக்கே பாயசம் போய்க்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பெர்த் நகரத்தில் இருக்கும் ராம்சேதான் எங்கள் குழுவுக்குத் தலைவர், அவராகவே முடிசூட்டிக்கொண்ட தலைவர். அந்தத் திங்கட்கிழமை அவர் எழுதினார்: "ரனால்டோட பெட்டி வீட்டுச் சுவரை ஒட்டியே நிக்குது. அவர் அளக்கறது குளிரையே இல்ல, அவர் வீட்டு அடுப்பை. அந்த அடுப்பு எரியற வரைக்கும் இருபத்தேழெல்லாம் கனவுதான்."

கீழே யாரோ ஒரு இளசு: "அப்ப அடுப்பை அணைச்சுட்டுப் படுங்க ரனால்ட் அண்ணே! நாட்டுக்காக ஒரு தியாகம்!"

குழு முழுக்கச் சிரிக்கிற மூஞ்சிகள். நானும் ஒன்றைப் போட்டேன். ரனால்ட் ஒரே வார்த்தைதான் எழுதினான்: "பாப்போம்."

வியாழக்கிழமை காலை எழுந்தபோது எங்கள் ஊரில் குளிர்காலத்தில் எப்போதும்போல் இன்னும் இருட்டாகவே இருந்தது. லாக்லன் அடுப்படியில் ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். நான் டீயை வைத்துக்கொண்டு வரைபடத்தைத் திறந்தேன். எனக்கு மைனஸ் இருபத்து மூன்று. ரனால்டுக்கு மைனஸ் இருபத்தாறு.

வயிறு பற்றி எரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே மூன்று டிகிரி வித்தியாசம் வந்ததே கிடையாது. குழுவிலோ திருவிழா. "சரித்திரம்டா சாமி! யாரும் தூங்கிடாதீங்க, விடியறதுக்குள்ள தொட்டுடும்" என்று ராம்சே மேளம் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ரனால்ட் எழுதியதும் இருந்தது. எழுத்தெல்லாம் முன்னும் பின்னுமாக, குழந்தை தட்டியதுபோல்: "வெதுவெதுனு இருகு. கோட்ட கழடிடேன்."

அதற்கு வந்த பதில்கள்: "எந்த பாட்டில் அண்ணே அது?" "எங்களுக்கும் ஒரு வாய் ஊத்துங்க!"

இவன் திருட்டு வேலை செய்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வெப்பமானியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பனித்தரையில் வைத்தால் எண் இன்னும் இறங்கும். அது எங்கள் கூட்டத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று கை பரபரத்தது. வரைபடத்தில் அவன் பெயரை அழுத்தி, அவனுடைய தனிப்பக்கத்துக்குள் போனேன். அங்கே யாரும் போவதில்லை. காற்று, ஈரப்பதம், அழுத்தம் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் 'உள்ளே' என்று ஒரு கட்டம். எங்கள் கருவி ஒவ்வொன்றிலும் ஒரு பாதி தோட்டத்தில் நிற்கும். எண்களைக் காட்டுகிற மறுபாதி சமையலறையில் இருக்கும். அந்த அறை எவ்வளவு சூடு என்பதையும் அது சேர்த்து அனுப்பிவிடும். யாருடைய சமையலறை எத்தனை டிகிரி என்று யாருக்குக் கவலை?

வெளியே, மைனஸ் இருபத்தாறு. உள்ளே, மைனஸ் மூன்று.

'மாட்டினான்' என்பதுதான் என் முதல் எண்ணம். கருவியையே தூக்கி வெளியே வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் கீழே இருந்த கோட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை வரை உள்ளே பதினெட்டு. அதற்குப் பிறகு அந்தக் கோடு ஒரு இடத்திலும் நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. அறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியைப்போல் ஆகிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் ஒரு மனுஷன் உட்கார்ந்து எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"லாக்லன்," என்றேன். "ரனால்ட் வெதுவெதுன்னு இருக்குங்கறான். கோட்டைக் கழட்டிட்டானாம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "வீட்டுக்குள்ள எவ்வளவு குளிரு?"

"மைனஸ் மூணு."

"அடிப்பாவிகளா." கோட்டை மாட்ட ஆரம்பித்துவிட்டார். "உறைஞ்சு சாகப்போறவனுக்குத்தான்டி உடம்பு கொதிக்கும். இந்த ஊர்ல பொறந்து இதுகூடவா தெரியாது உங்க ஒருத்தருக்கும்?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவனுடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவசர எண்ணில் பேசிய பெண், வெளிச்சம் வந்தால்தான் ஹெலிகாப்டர் எழும்பும், ஆம்புலன்ஸை இப்போதே அனுப்புகிறேன், ஆனால் அது தூரத்திலிருந்து வரவேண்டும் என்றாள். ஊரிலிருந்த டீசல் வண்டிகளெல்லாம் எண்ணெய் உறைந்து முடங்கிக் கிடந்தன. நல்லவேளை, எங்களுடையது பழைய பெட்ரோல் ஜீப்.

பள்ளத்தாக்குக்குள் இறங்க இறங்க, வண்டிக் கண்ணாடியின் உட்பக்கமே உறைந்துகொண்டு வந்தது. பைன் மரங்கள் படீர் படீரென்று வெடிக்கிற சத்தம் இருட்டுக்குள் கேட்டது. ஓர் இடத்தில் மான் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தும் அசையவில்லை. லாக்லன் இறங்கி ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி வழி செய்தார். என் மடியில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. இருபத்தாறரை. இருபத்தாறு புள்ளி எட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டல்.

"புகையைக் காணோம்," என்றார் லாக்லன், வீடு கண்ணில் பட்டதும்.

கதவு தாழிடாமல் இருந்தது. சமையலறை ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. சுவரில் தங்கியிருக்கிற சூடும் போய்விடட்டும் என்று கொஞ்சம் முன்னால் அவனேதான் திறந்து வைத்திருக்க வேண்டும். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. வழித்துச் சுத்தமாக வைத்திருந்தான். வாளித் தண்ணீர் கல்லாகியிருந்தது. ரனால்ட் வெறும் சட்டையோடு, கருவிக்கு எதிரே நாற்காலியில் இருந்தான். உதடெல்லாம் நீலம். நடுக்கமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

லாக்லன் ஜன்னலைச் சாத்திவிட்டு, படுக்கையறைக் கம்பளிகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து அவனைச் சுற்றினார். அவன் கண் மெல்லத் திறந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"வாயை மூடு, ரனால்ட். தீப்பெட்டி எங்க?" என்றேன் நான்.

"தொடாத. விடியட்டும். கொஞ்ச நேரந்தான்." நாக்கு குழறியது. நான் அடுப்பில் விறகை அடுக்குவதைப் பார்த்ததும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உன்னால தாங்க முடியல இல்ல? நான் ஜெயிச்சுடுவேன்னுதான ஓடி வந்தே, எல்ஸ்பெத்?"

சுருக்கென்று தைத்தது. காகிதத்துக்கு எங்கே போவது? சுவரில் அவன் குத்தி வைத்திருந்த காற்றழுத்த வரைபடங்களைக் கிழித்து விறகுக்கு அடியில் திணித்தேன். அடுப்பு மேலேயே கிடந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தேன். குனியும்போது கருவி கண்ணில் பட்டது. வெளியே, மைனஸ் இருபத்தேழு புள்ளி ஒன்று.

என் கை நின்றுவிட்டது.

நானாக நிறுத்தவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பவேண்டாம். இன்னும் ஒரே ஒரு புள்ளி. என் ஆயுசில் இனி ஒருமுறை வராது. எனக்குப் பின்னால் அவன் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது, அதுவும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. குச்சி எரிந்து விரலைச் சுட்டது.

"எல்ஸ்பெத்!" என்று கத்தினார் லாக்லன். "என்னத்தடி பாத்துட்டு நிக்கிறே?"

இரண்டாவது குச்சியில் பற்ற வைத்தேன்.

காய்ந்த விறகு, நன்றாகவே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் போன் அலறத் தொடங்கியது. "ஏறுதே! ஏன் ஏறுது?" "மேகமா?" கடைசியில் ராம்சே: "எந்த முட்டாள் அடுப்பைப் பத்த வச்சது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். "உள்ளே இப்போது நான்கு" என்று மட்டும் எழுதினேன்.

"உள்ளேயா? அது யாருக்கு வேணும்?" என்று பதில் வந்தது.

ஹெலிகாப்டர் வந்தது. ரனால்ட் பிழைத்தான். இடது கையில் மூன்று விரல்நுனிகளும் காலில் இரண்டு விரல்களும் போயின. விஷயம் தெரிந்ததும் குழு பூக்களாக அனுப்பித் தள்ளியது. அடுப்பை யாரும் அணைக்கக்கூடாது என்று ராம்சே ஒரு புதுச் சட்டம் போட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பனி உருகிய பிறகு ரனால்ட் வீடு திரும்பினான். சூப் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டான்.

"ஒரு புள்ளி, எல்ஸ்பெத்," என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

இப்போது மறுபடி டிசம்பர். அந்த உயர் அழுத்தம் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓடைச் சத்தம் நேற்று நின்றது. இன்று காலை நான் நேராக ரனால்டின் தனிப்பக்கத்துக்குப் போனேன். காற்று இருந்தது, ஈரப்பதம் இருந்தது, அழுத்தம் இருந்தது. அடியில் 'உள்ளே' என்ற கட்டத்தில் எண் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. யாரும் பார்க்க முடியாதபடி அதை அவன் அணைத்து வைத்துவிட்டான்.

லாக்லனைக் கூப்பிட்டேன். அவர் போனை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜீப்பைக் கிளப்பப் போனார். நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் போனை இன்னொரு தரம் எடுத்து, அவனுக்கு வெளியே எவ்வளவு என்று பார்த்தேன். என்னுடையதைவிட மூன்று டிகிரி குறைவு. வயிறு எரிந்தது.