மூன்றாவது தூண்

கடைவீதியில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்ப்பல் செய்து கொடுக்கும் சின்னக் கூடம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை. மெழுகில் பல்லைச் செதுக்க வேண்டும், பிளாஸ்டரில் அச்செடுக்க வேண்டும், தலைமயிர் அளவு உயரம் கூடினாலும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். கண் அவளுக்குக் கத்தி மாதிரி. கைதான் காகிதத்தைக் கண்டால் சொன்ன பேச்சைக் கேட்காது.

இரண்டு வருடமாகப் போனில் வரும் படங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். பூனை, படகு, சிரிக்கிற குழந்தை. ஒருநாள் மகள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஒண்ணுலயும் உசுரு இல்ல."

சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த புதன்கிழமை, வாரத்தில் அவளுக்கு இருந்த ஒரே விடுமுறை நாளில், நோட்டும் பென்சிலும் ஒரு மடக்கு நாற்காலியுமாக வெளியே கிளம்பினாள். இனி எதையும் நேரில் பார்த்துத்தான் வரைவது என்று முடிவு.

முதலில் பேருந்து நிலையம். வரையத் தொடங்கிய ஆள், மூக்கு வருவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். பூங்காவில் ஒரு நாய் நன்றாக ஒத்துழைத்தது, வால் வரைகிற நேரத்தில் எழுந்து போய்விட்டது. கட்டடமென்றால் எழுந்து போகாது என்று நினைத்துத்தான் கடைவீதிக்கு வந்தாள்.

அது பழைய இரண்டு மாடிக் கட்டடம். முன்வராந்தாவில் ஏழு தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாகக் கடைகள். மூன்றாவது தூணுக்கு நேர் பின்னால் அவள் கொழுந்தனின் கடிகாரக் கடை. அவன் கடிகாரம் பழுது பார்ப்பான், அவன் மனைவி கல்லாவில் இருப்பாள். எதிர்ச்சாரியில் நிழல் இருந்தது, ஓரகத்தி கையால் தேநீரும் கிடைக்கும். அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் ஏழு தூண்களும் குடித்துவிட்டு நின்றன. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து பார்க்கப் பழகினாள். மூன்றாவது வாரத்தில் தூண்கள் தெளிந்தன. ஐந்தாவது வாரம் ஆறு தூண்கள் நிமிர்ந்து நின்றன. மூன்றாவது மட்டும் அடங்கவில்லை. நடுவில் பக்கவாட்டில் உப்பிக்கொண்டே வந்தது. அழித்தாள், மறுபடி வரைந்தாள், மறுபடியும் உப்பியது.

தேநீரோடு வந்த ஓரகத்தி படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, இந்தத் தூணுக்கு மட்டும் எத்தனாவது மாசம்?"

பல்லக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஐந்து படங்களையும் கட்டிலில் வரிசையாக வைத்தபோது சிரிப்பு போய்விட்டது. முதல் இரண்டை நம்ப முடியாது. மற்ற மூன்றும் அளந்து வரைந்தவை. மூன்றாவது படத்தில் லேசான புடைப்பு, நான்காவதில் சற்றுக் கூட, ஐந்தாவதில் இன்னும் கூட. கை தேறத் தேறத் தப்பு எப்படி வளரும்?



அடுத்த புதன் ஒரு நூலில் ரப்பரைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போலக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். தூணின் மேல்முனையும் அடியும் நூலில் பொருந்தின. நடுப்பகுதி நூலைத் தாண்டி வெளியே நின்றது.

தெருவைக் கடந்து போனாள். தூணைச் சுற்றி ஒரு வியாபாரி பைகளைத் தொங்கவிட்டிருந்தார். அவற்றை விலக்கியதும் நெடுக ஒரு வெடிப்பு தெரிந்தது. அதன்மேல் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அந்தப் பெயின்டும் வெடித்திருந்தது. மேல்மாடிக்கு நான்கு மாதம் முன்பு ஒரு காகிதக் கிடங்கு வந்திருந்தது. லாரி லாரியாகக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன.

அவள் போய்ச் சொன்னபோது கொழுந்தன் கண்ணில் மாட்டியிருந்த லென்சைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணி, நீங்க இங்க உக்காந்து படம் வரைய ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆச்சு. அந்தத் தூணு நிக்க ஆரம்பிச்சு அறுபது வருஷம் ஆச்சு."

கட்டட மேற்பார்வையாளர் இன்னும் சுருக்கமாக முடித்தார். "அது பெயின்ட் வெடிப்பும்மா. ஊரைக் கூட்டாதீங்க."

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொல்வது தப்பென்றால் நாலு பேர் பிழைப்பில் மண் விழும். சரியென்றால்? அதை முழுதாக நினைக்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் வேலையில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. காய்ந்த பிளாஸ்டர் இழுத்தால் நீளாது, உடையத்தான் செய்யும். உணவு இடைவேளையில் ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓரகத்தி பைகளை விலக்கிப் பிடித்துக்கொள்ள, வெடிப்பின் குறுக்கே இரண்டு இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூசி வழித்துவிட்டாள்.

"தூணுக்குப் பல் கட்டுறீங்களாக்கா?" என்றாள் ஓரகத்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இது உடைஞ்சா என்ன அர்த்தம்?"

"தூண் நகருதுன்னு அர்த்தம்."

அவள் அதன்பிறகு கேலி பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "அக்கா, உங்க பிளாஸ்டர் ரெண்டும் பொளந்து கெடக்கு. கடை ஷட்டர் பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது. அவரு எண்ணெய் விட்டுக்கிட்டு இருக்காரு."

பல்லக்காவின் கையிலிருந்த மெழுகுக் கத்தி கீழே விழுந்தது. "எல்லாரையும் வெளிய வரச்சொல்லு. கத்து. யாரு திட்டினாலும் பரவாயில்ல, கத்து!"

வண்டியில் போகும்போதே தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினாள்.

"தீ எங்கம்மா?"

"தீ இல்லீங்க. தூணு உடையுது."

எதிர்முனையில் உடனே முகவரி கேட்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஓரகத்தி ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டே கடைகடையாக ஓடிக்கொண்டிருந்தாள். "வெளிய வாங்க, இடியப் போகுது!" பாதிப் பேர் வெளியே வந்து தெருவில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். கொழுந்தன் மட்டும் பாதி ஏறிய ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே இருந்தான்.

"வாங்க வெளியே!"

"ரெண்டு நிமிஷம் அண்ணி. அடுத்தவங்க கடிகாரமெல்லாம் உள்ள இருக்கு."

அவள் வராந்தா விளிம்பில் நின்றாள். கால் எழவில்லை. தட்டுச் சத்தத்துக்கும் ஏச்சுக்கும் இடையே வேறொரு சத்தம் கேட்டது. நறநறவென்று, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல. தூணிலிருந்து வந்தது. வெடிப்பிலிருந்து பொடி நூல்போல் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. அது வந்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

எப்படி உள்ளே போனாள் என்று தெரியாது. கொழுந்தனை அதுவரை அவள் தொட்டுப் பேசியதுகூட இல்லை. சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் கையிலிருந்த பெட்டி சரிந்து கடிகாரங்கள் தரையில் சிதறின. "அண்ணி!" என்று கோபத்தில் கத்தியவன், அப்போதுதான் அந்த நறநறப்பைக் கேட்டான். பிறகு இழுக்க வேண்டியிருக்கவில்லை.

தீயணைப்பு அதிகாரி வந்து தூணை ஒரே ஒருமுறை பார்த்தார். கத்தவில்லை. தன் ஆட்களிடம் திரும்பி, "தெருவையே காலி பண்ணுங்க," என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரலில்தான் பல்லக்காவுக்கு ஆபத்து முழுதாகப் புரிந்தது. இருவர் அவளைப் பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிப் போனார்கள்.

பதினொன்றேகாலுக்கு மூன்றாவது தூண் மடங்கியது. மேல்மாடி நடுவில் குழிந்து, காகிதக் கட்டுகளோடு கீழே வந்தது. புழுதி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. பை வியாபாரிக்கு மட்டும் ஓடும்போது கணுக்கால் பிசகியிருந்தது.

சிலர் வீடு தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர், "கருநாக்கு. அவ வாய வெச்சதாலதான் விழுந்துச்சு," என்றார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலவே இருந்தன. பயம் மட்டும் போகவில்லை. வேலைக்கூடத்தின் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பாள். பாலத்தின் கீழே பஸ் போனால் மூச்சை அடக்கிக்கொள்வாள். மகள் படுக்கிற சுவரோரம் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. மறுநாளும் பார்த்தாள். மூன்று புதன்கிழமைகள் நோட்டைத் தொடவில்லை.

நான்காவது புதன் காலையில் கொழுந்தன் வந்து வாசலிலேயே நின்றான்.

"வேற ஒரு கடை பாத்திருக்கேன் அண்ணி. சாவி வாங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்."

"நான் இன்ஜினியர் இல்லப்பா."

"இன்ஜினியர் நேத்தே வந்து பாத்துட்டாரு. நல்லாருக்குன்னுட்டாரு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குத்தான் உள்ள கால் வைக்க முடியல."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

புதுக் கடைக்கு எதிரே உட்கார்ந்து இழுத்த முதல் கோடு வளைந்தது. நடுங்குவது சுவரா கையா என்று தெரியவில்லை. பென்சிலை மடியில் வைத்துக் கையைக் கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மறுபடி அளந்தாள். சுவர், நிலை, மேல் விட்டம் என்று ஒவ்வொன்றாக, மத்தியானம் வரை வரைந்தாள். கொழுந்தனும் ஓரகத்தியும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"சரியா இருக்கா அண்ணி?"

அவள் படத்தையும் கட்டடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னைக்குச் சரியா இருக்கு," என்றாள். "அடுத்த புதனும் வர்றேன்."