எல்மர் வீடு சேர்ந்தான்

எல்மர் ஓடிவந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: பேஸ்பால் நாவல்களைத் தமிழில் மொழிபெயர்க்கும் ஆவுடையப்பன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவர் மனைவி செண்பகம். எதிர்வீட்டு சேர்மத்துரை. அவரும் பேஸ்பால் மொழிபெயர்ப்பாளர்தான். பேப்பர் இரவல் வாங்க வந்தவர், வாங்கியும் போகாமல் உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் கறுப்புச் சட்டையில் ஓர் அம்பயர், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தபடி. அவர் எப்போது வந்தார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. செண்பகம் மட்டும், "சாமி, மாலை போட்டிருக்கியளா?" என்று கேட்டிருந்தாள்.

எல்மர், ஆவுடையப்பன் மொழிபெயர்த்த நாவலின் கடைசி அத்தியாயத்திலிருந்து வந்தான். புத்தகம் அன்று காலைதான் அச்சகத்திலிருந்து வந்திருந்தது. தெருவை இரண்டு எட்டில் தாண்டி, வாசலில் நெஞ்சு தரையில் தேயச் சறுக்கி விழுந்து, நிலைப்படியைத் தொட்டான். புழுதி எழும்பி அடங்கியது.

அம்பயர் இரண்டு கைகளையும் விரித்தார். "பிழைத்தான்," என்றார்.

'சேஃப்' என்பதற்கு ஆவுடையப்பன் போட்ட சொல் அது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாளையங்கோட்டையில் அப்போது எல்லாரும் பேஸ்பால் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. சலூனில் பேஸ்பால் வார இதழ் கிடந்தது. டீக்கடை ரேடியோவில் செய்திக்குப் பிறகு நாவல்களிலிருந்து நேர்முக வர்ணனை போனது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்குக் கீழே அவர் எந்த அணி என்று போட்டார்கள்.

ஆட்டம் இதுதான். மட்டையால் பந்தை அடித்தவன் மூன்று தளங்களைத் தொட்டுக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே ஓடித் திரும்ப வேண்டும். அந்த இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில்தான் தகராறு. ஆவுடையப்பன் 'வீடு' என்று போட்டார். சேர்மத்துரை தாயக்கட்டத்தை மனசில் வைத்து 'பழம்' என்று போட்டார். அதனால் சேர்மத்துரையின் நாவல்களில் ஓடியவர்கள் அவர் வீட்டு வாசலில் பழமாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் கொய்யா.

"ஒமக்கு ஆளே வந்துட்டான் வே," என்றார் சேர்மத்துரை. "எனக்கு நேத்து ரெண்டு சீத்தாப்பழம். அதுலயும் ஒண்ணு அழுகல்."

"வந்தவன் போயிருவாம்லா?"

"நீரு வீடுன்னுல்லா போட்டீரு. வீட்டுக்கு வந்தவன் எங்க வே போவான்?"

எல்மர் எழுந்து தொப்பியைக் கழற்றினான். செண்பகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அம்மணி, நெடுந்தொலைவு ஓடி வந்திருக்கிறேன். இதுபோல் ஒரு நிழல் எந்த ஊரிலும் எனக்கு வாய்த்ததில்லை."

செண்பகம் கீரையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னிய?"

எல்மர் திரும்பவும் சொன்னான். ஒரு எழுத்து மாறவில்லை.

"அது நான் எழுதுனது," என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"ஒங்கிட்ட எதுக்கு நெழலப் பத்திச் சொல்லணும்? மேல ஃபேன் ஓடுதுல்லா."

அந்த வாக்கியத்துக்காக அவர் ஒரு காலைப் பொழுது முழுக்கச் செலவழித்திருந்தார். நடுவில் காபி கொண்டுவந்த செண்பகத்தை, பேசாமல் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்.

எல்மர் தங்கிவிட்டான். ஆவுடையப்பனின் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆவுடையப்பனின் டம்ளரில் குடித்தான். ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றச் சொன்னதற்கு, அது தன் காலோடு சேர்த்தே விவரிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னான். அதுவும் உண்மைதான்.

தெருமுனையில் ஃபிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அதில் 'வீடு சேர்ந்த வீரனே' என்ற வரிக்குக் கீழே எல்மரும் செண்பகமும் கைகூப்பி நின்றார்கள். ஆவுடையப்பனின் பெயர் அடியில், போர்டு அடித்த கடையின் செல் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். எல்மர் சாருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று செண்பகத்திடம் கேட்டார்கள். "புளி ஆகாது அவுகளுக்கு," என்றாள் அவள். முப்பது வருஷமாக ஆவுடையப்பனுக்கும் புளி ஆகாது. அதை எந்த டிவியும் கேட்டதில்லை.

"சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றது கேமராவுக்குப் பின்னால் ஒரு குரல். "ஃப்ரேம்ல விழுறீங்க."

அவர் தள்ளிக்கொண்டார். கூடமும் அவரோடு தள்ளிக்கொண்டது. நாளுக்கு நாள் அது நீண்டது. சிமெண்ட் தரையில் புல் முளைத்து, தானாகவே மட்டமாக நின்றது. ஆவுடையப்பன் இருந்த மூலைக்கும் அடுக்களைக்கும் நடுவே இப்போது ஒரு பந்து பறந்துபோய் விழும் தூரம். எல்மர் செண்பகத்திடம் என்ன பேசுகிறான் என்று அங்கிருந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் நாவலின் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அவள் சிரிக்காமல் உதட்டை மடித்தால், மழையில் ஆட்டம் நின்ற பக்கம். கன்னத்தில் கை வைத்தால், அணியின் பழைய பந்து வீச்சாளன் ரயில் ஏறிப் போகும் பக்கம்.

ஒரு பக்கம் இன்னும் வரவில்லை. ஆவுடையப்பன் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல பக்கம். எல்மர் அதைச் சொன்னால் செண்பகம் போய்விடுவாள். அவராக இருந்தால் போய்விடுவார். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அவர் புல்லைத் தாண்டி அம்பயரிடம் போனார்.

"இவன எப்படி வெளியேத்துறது?"

"ஒரு வீட்டில் ஒருவர்தான் வீடு சேர்ந்தவராக இருக்க முடியும்," என்றார் அம்பயர். "அவன் ஓடி வந்தான். நீர் எப்படி வந்தீர்?"

"எங்க அப்பா கட்டுன வீடு வே இது. நான் பொறந்ததே இங்கதான்."

"எந்தெந்தத் தளத்தைத் தொட்டீர்?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தொடல."

"அப்படியானால் நீர் இன்னும் வரவே இல்லை," என்றார் அம்பயர். "ஓடி வாரும். நீர் சேர்ந்தால் அவன் போவான்."

வாசலில் ஆவுடையப்பன் மட்டைக்குப் பதிலாக உலக்கையோடு நின்றார். சேர்மத்துரை ஒரு கொய்யாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"நல்ல ஆட்டக்காரன் வே இது. அடிச்சா நசுங்கிருவான்."

"எறியும் வே."

"ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு ஆள் வந்தா இப்படித்தான். ஆட்டம் தாங்காது," என்று சொல்லிவிட்டு சேர்மத்துரை எறிந்தார்.

உலக்கையில் அடிபட்ட கொய்யா கூரைகளுக்கு மேலே போனது. ஆவுடையப்பன் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்ட நேரம் இல்லை.

முதல் தளம் மாவு மில். மில்காரர் உடம்பெல்லாம் வெள்ளையாக நின்றார்.

"கம்பா, கேப்பையா?"

"வீடு."

"வீடெல்லாம் இங்க அரைக்கிறதில்ல அண்ணாச்சி. தொட்டுட்டுப் போங்க."

இரண்டாம் தளம் நூலகம். உள்ளே எல்லாரும் தலை குனிந்து அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியபோது ஒருவர் பக்கத்தைத் திருப்பினார். வேட்டி அவிழ்ந்தபோது ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். நூலகர் நிமிரவில்லை. "சத்தம் போடாம ஓடுங்க," என்றார்.

மூன்றாம் தளம் பெட்ரோல் பங்க். அங்கே டிவிக்காரர்கள் நின்றார்கள். மைக் அவரோடு கூடவே ஓடிவந்தது.

"சார், வீடு சேர்ந்தா மேடம்கிட்ட முதல்ல என்ன சொல்லுவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். வந்த வாக்கியம் எல்லாம் எல்மருடையதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஓடினார்.

வாசலில் செண்பகம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தோல் கையுறை. கொய்யா எங்கெங்கோ சுற்றி, அவருக்கு முன்னாலேயே அதற்குள் வந்து விழுந்தது. அவர் நிலைப்படியைத் தொடுவதற்குள் அவள் கையுறையால் அவரைத் தொட்டுவிட்டால் முடிந்தது. அவர் அவுட். எல்மர் அவளுக்குப் பின்னால் நின்றான்.

ஆவுடையப்பனுக்குக் கால் வரவில்லை. இன்னும் நாலு எட்டு இருந்தது. செண்பகத்துக்கு எழுந்து வந்து தொடக்கூட நேரம் இருந்தது.

"இப்படி மூச்சு வாங்குதே," என்றாள் அவள். "நடந்தே வாங்க."

கையுறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவர் நடந்து வந்து நிலைப்படியைத் தொட்டார்.

"பிழைத்தார்," என்றார் அம்பயர்.

கூடம் பழைய அளவுக்குச் சுருங்கியது. புல் போய்விட்டது. எல்மர் உள்ளே போனான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அங்கே நின்று அந்தப் பக்கத்தைச் சொன்னான்.

"அம்மணி, நான் ஓடியது புகழுக்காக இல்லை. எங்கோ ஓர் அடுக்களையில் ஒருத்தி விளக்கை அணைக்காமல் வைத்திருப்பாள் என்று நம்பினேன். அந்த வெளிச்சத்தை என் கால்கள் என்னைவிட முன்பே அறிந்திருந்தன."

செண்பகம் புருஷனைப் பார்த்தாள்.

"இதையும் நீங்களா எழுதுனிய?"

"ஆமா."

"யார நெனச்சி எழுதுனிய?"

எழுதியபோது அடுக்களை அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அவள் அங்கே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் எல்மர் நின்று கேட்பான். கேட்டால் அதையும் எடுத்துக்கொள்வான்.

"யாரையும் நெனக்கல," என்றார் ஆவுடையப்பன். "மூலத்துல இருந்துச்சு."

"சரி," என்றாள் செண்பகம். செருப்பைப் போட்டுக்கொண்டாள். "பாவம், அவுகளுக்கு வழி தெரியாது. தெருமுனை வரைக்கும் விட்டுட்டு வந்திருதேன். சோறு வடிச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள வந்திருவேன்."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்தார். போர்டுக்குப் பக்கத்தில் எல்மர் ஏதோ சொன்னான். செண்பகம் நின்றாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமாகச் சிரித்தாள்.

ஆவுடையப்பன் எந்தப் பக்கம் என்று தேடினார். முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை மனசுக்குள் புரட்டினார். அவர் நாவலில் சிரிப்பு வரும் இடம் ஒன்றுகூட இல்லை. அவன் என்ன சொன்னானோ, அது அவர் எழுதியதல்ல.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"உம்முடைய மனைவி வெளியே இருக்கிறார்," என்றார் அம்பயர்.

"தெரியும்."

மேல்தாழைப் போட்டார். கீழ்தாழைப் போட்டார். பூட்டை எடுத்துக் கொண்டியில் மாட்டி, சாவியைத் திருப்பினார். தெருவிலிருந்து செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு ஜோடிச் செருப்புதான். அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.