மக்சிக்கிடம் கேட்க வேண்டியது

என் வீட்டுக்காரர் கார்த்திகேசன் மலேசியாவுக்குப் புறப்பட இன்னும் நான்கு நாள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மடித்து வைத்த லுங்கிகளைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். ரங்கூனின் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை இறக்கும் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. அவரோ பாயில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மலாய் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"சாயா தக் மாக்கான் டாகிங், இக்கான், தெலோர்..."

அதற்கு மேல் வராது. இரண்டு வாரமாக அந்த இடத்தில்தான் வண்டி நிற்கிறது.

"சூசூ," என்று கையிலிருந்த நோட்டைப் பார்த்து எடுத்துக்கொடுத்தார் சூசைராஜ் அண்ணன். "இறைச்சி, மீன், முட்டை எல்லாம் திங்கமாட்டேன்னு சொல்லிட்டு பாலை மட்டும் விட்டுடுற தம்பி. பால் ஊத்தின தேத்தண்ணியைக் கையில குடுத்துடுவாங்க."

சூசைராஜ் அண்ணன் ஆறு வருஷம் மலேசியாவில் கெடா பக்கத்துக் கிராமங்களில் வேனில் துணி விற்றுவிட்டு ரங்கூனுக்குத் திரும்பியவர். அதே முதலாளியிடம்தான் இவருக்கும் வேலை சொல்லியிருந்தார். அங்கே ஊர் ஊராகப் போக வேண்டும். முதலில் சோறு போட்டு உட்கார வைப்பார்களாம், அப்புறம்தான் துணியைப் பிரிக்கச் சொல்வார்களாம். தட்டைத் தள்ளிவிட்டால் அந்த ஊரில் ஒரு முழம்கூட விற்காது. போன வருஷம் போன ஒருவன் மூஞ்சியைச் சுளித்துச் சுளித்தே மூன்றாம் மாதம் திரும்பி வந்துவிட்டான்.

இவர் பிறவியில் சைவம் இல்லை. என்னைக் கட்டிய காலத்தில் ஙப்பி என்கிற மீன் விழுதின் வாசம் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். போன மழைக்காலத்தில் எங்கள் மகள் மீமீக்கு டெங்கு வந்தது. மூக்கில் ரத்தம் வந்த அன்று இவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே காளி கோயிலுக்குப் போய்த் தரையில் விழுந்தார். பிள்ளை பிழைத்தால் உயிரிலிருந்து வரும் எதையும் சாகும்வரை தொடமாட்டேன் என்றார். பிழைத்துவிட்டாள். பர்மியர்கள் 'தெத்தத்லு' என்று மூன்று மாதம் சைவம் இருந்துவிட்டு மீனுக்குத் திரும்பிவிடுவார்கள். இவர் தவணையே வைக்கவில்லை. பால், நெய், தயிர் எல்லாம் போயிற்று.

ஐந்தாம் மாதம் தோள் எலும்பு துருத்திக்கொண்டது. ஒரு நாள் அரிசி மூட்டையோடு படகுப் பலகையில் மயங்கி விழுந்தார். ஆற்றுக்குள் போயிருந்தால் என் கதி என்ன? அந்த வாரமே காய்ந்த இறாலை வறுத்துப் பொடித்து மல்லித்தூளோடு கலந்துவிட்டேன். அன்றிலிருந்து பருப்புக்கும் கறிக்கும் அந்தத் தூள்தான். "உன் கைக்கு இப்பதான் ருசி வந்திருக்கு பாமா," என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று மனசைச் சமாளித்துக்கொண்டேன். ஆனால் மீமீக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், அந்தத் தூளால்தானோ என்று விடிய விடிய அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

"நஸார்னு சொல்லு," என்றார் சூசைராஜ் அண்ணன். "உடம்புக்கு ஆகாதுன்னா, ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னுவாங்க. நஸார், நேர்த்திக்கடன்னு சொன்னா வற்புறுத்த மாட்டாங்க. அவங்களுக்கும் அது உண்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒப்பிச்சா மட்டும் பத்தாது. தங்கச்சி, ஒரு தட்டு சோறு கொண்டா. நீதான் மக்சிக், அந்த வீட்டு அம்மா."

"எனக்கு வேலை கிடக்கு அண்ணே."

"அஞ்சு நிமிஷம் நில்லு. காலையிலேருந்து கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்துற. தம்பி, 'உடாங் அடா தக்'னு கேளு. இறால் இருக்கான்னு அர்த்தம். அங்க காய்கறிக்குள்ளயும் அதைப் போட்டுடுவாங்க. முதல் வாட்டி தங்கச்சி 'தக் அடா', இல்லைன்னு சொல்லும். நீ சாப்பிடு. ரெண்டாவது வாட்டி 'அடா', இருக்குன்னு சொல்லும். அப்ப தட்டு விளிம்பைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும். தொடாம எழுந்தா சோத்தை அவமதிச்ச மாதிரி."

பருப்பு ஊற்றிய தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். கார்த்திகேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மக்சிக்," என்றார்.

"என்னைப் பார்த்தா கிழவியாத் தெரியுதா?" என்றேன். மூவருமே சிரித்துவிட்டோம். பிறகு அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உடாங் அடா தக்?"

விளையாட்டுத்தான். வேற்று மொழிதான். இரண்டு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் அவர் இதை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசலில் மீமீ கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து பொய் சொன்னால் அது அவள் தலையில் விடியும் என்று பயமாக இருந்தது.

"அடா," என்றேன்.

"இல்ல தங்கச்சி, அது ரெண்டாவது வாட்டி..."

"அடா அண்ணே. நெசமாவே இருக்கு."

சூசைராஜ் அண்ணன் நோட்டை மூடினார். கார்த்திகேசன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"நீங்க பலகையில விழுந்ததுலேருந்து."

எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே வாசலுக்குப் போய் மீமீயை நிறுத்தி, நெற்றியில் புறங்கையை வைத்தார், கழுத்தில் வைத்தார். "விடுப்பா, எண்ணிக்கை போச்சு," என்று அவள் சிணுங்கினாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டு விளிம்பை இரண்டு விரலால் தொட்டார்.

"மாஃப், மக்சிக். சாயா அடா நஸார். சாயா தக் மாக்கான் டாகிங், இக்கான், தெலோர், சூசூ."

ஒரு சொல் தடுக்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அதற்கு என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தூள் டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தேன். பானையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். பருப்பு, மஞ்சள், உப்பு, பச்சைமிளகாய், அவ்வளவுதான். சோற்றைக் கொண்டுவந்து வைத்தபோது சூசைராஜ் அண்ணன் போய்விட்டிருந்தார்.

"உடாங் அடா தக்?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"தக் அடா."

என் முகத்தையே பார்த்தார். பருப்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் ஒரு வாய் பிசைந்து வைத்து மெதுவாக மென்றார்.

"ருசியே இல்ல பாமா," என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.