வரம்பு மீறியுள்ளீர்கள்

மதியச் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் முப்பது நிமிடத்தில் பதினொரு நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது. கண்ணாடிக்கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மருந்துக்கடை ரசீதைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு அவள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்களுக்கான டயபர், இரண்டு கட்டு. தொகையைப் போட்டாள். தேதி தானாகவே இன்றைக்கு என்று விழுந்திருந்தது, வாங்கியதோ முந்தாநாள். நாட்காட்டிக்குள் போய் மாற்றிவிட்டுத் திரும்பினால், போட்ட தொகையைக் காணோம். மறுபடியும் போட்டாள். 'டயபர்' என்று எழுதியதுதான் தாமதம், செயலி தானே யோசித்து, ஒரு பால்புட்டிப் படத்தோடு அதைக் 'குழந்தை' என்ற பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கீழே சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில் ஒரு கேள்வி: உங்கள் குழந்தையின் வயது என்ன?

பதில் சொல்லாமல் மேலே போக வழியில்லை. பட்டியலில் இருந்ததிலேயே பெரிய வயது ஐந்து. ஐந்தைத் தொட்டாள். அப்பாவுக்கு எழுபத்து மூன்று.

கடைசியில் ஒரு பச்சைப் பொத்தான். அதில் 'சேமி' என்று எழுதியிருந்தது. பதிவை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறது, அவ்வளவுதான். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு செலவு முடிந்ததும் யாரோ எதிரில் நின்று "சேமி, சேமி" என்று புத்தி சொல்வதுபோல இருந்தது. எதிலிருந்து என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு முன்கடைக்குப் போனாள். பாதி அப்படியே இருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து எட்டு மாதமாகிறது. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பேச்சு போனபோது எல்லா வார்த்தைகளும் போய், ஏனோ 'மேல', 'கீழ', 'போதும்' என்ற மூன்று மட்டும் மிஞ்சின. உட்கார வைக்கச் சொன்னாலும் மேல, டீ வேண்டுமென்றாலும் மேல. அம்மா இல்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்தும் போன பிறகு, அவள் அப்பாவோடுதான் இருக்கிறாள். பகலில் கீழ்வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வாள், அதற்குச் சம்பளம் உண்டு. தம்பி வேறு ஊரில், ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். செலவில் பாதி அவனுடையது என்று முதல் வாரமே அவனாகச் சொல்லிவிட்டான். மாதக் கடைசியில் அவள் ஒரு தொகை சொல்வாள், அவன் அனுப்பிவிடுவான். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு அவன்தான் இந்தச் செயலியைக் கொண்டுவந்தான்.

"அக்கா, இதுல அப்பப்போ போட்டுட்டா எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நாளைக்கு யாருக்கும் மனஸ்தாபம் வராது பாரு."

அப்போது யாருக்கும் மனஸ்தாபம் இருக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவனே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரம்பு போட்டுக்கொடுத்தான். சின்ன வயதில் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிவைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். அவனுக்கு அது சுகம், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இயந்திரம் தெரியாதவள் இல்லை அவள். சட்டத்துக்குள் லென்ஸ் உட்காருகிற அளவை முடி கனத்துக்குச் சரிபார்த்து வெட்டுகிறவள். கடைக்கு வருகிறவர்கள் கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரியைப் படிக்க முடியாமல் ஏதோ தப்பு செய்துவிட்டவர்கள்போல விழிக்கும்போது, "எழுத்துதான் சின்னதா இருக்கு, பரவாயில்ல, மேல் வரி சொல்லுங்க" என்பாள். அவர்கள் முகம் உடனே இளகும். ஆனால் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தச் சாம்பல் எழுத்தோடு மல்லுக்கட்டும்போது, அவளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நம்மால்தான் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். ஒரு செலவுக்கு ஒன்பது தடவை தட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். வாரம் தவறாமல் ஒரு செய்தி வேறு வரும்: 'உங்கள் குழந்தை இப்போது ஓடி விளையாடும் பருவத்தில் உள்ளது! விளையாட்டுப் பொருள்களுக்குத் திட்டமிட்டுவிட்டீர்களா?' முதல் தடவை அவளும் கீழ்வீட்டு அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவள் பார்க்காமலே தள்ளிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கூப்பிட்டான். அப்பாவைப் பற்றிக் கேட்டான், மழையைப் பற்றிக் கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா... நீ ஜிம்முக்கு எதுவும் போறியா?" என்றான். 

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு கையில் அப்பாவின் சிறுநீர்ப் பாத்திரம் இருந்தது. "என்னடா?"

"இல்ல, போனா நல்லதுதான். தப்பா கேக்கல. மாசாமாசம் பெரிய தொகையா வருதேன்னுதான்..."

வாரத்துக்கு மூன்று நாள் அப்பாவின் கையையும் காலையும் பிடித்துப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபி அம்மாவின் சம்பளம் அது. 'பயிற்சி' என்றுதான் அவள் எழுதியிருந்தாள். செயலி அதை உடற்பயிற்சிக் கூடமாக்கி, 'ஆடம்பரம்' என்ற பிரிவின் கீழ் வைத்திருந்தது. அந்தப் பிரிவுக்குத் தம்பி போட்டிருந்த வரம்பு மிகக் குறைவு. அதனால் அவன் திரையில் மூன்று மாதமாக ஒரு சிவப்புக் கோடு. அதன் தலையில்: வரம்பு மீறியுள்ளீர்கள்.

விளக்கிச் சொன்னாள். "ஐயோ, சாரிக்கா" என்றான் உடனே. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குளியலறை வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மூன்று மாதம். மூன்று மாதமாக அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்கா அப்பா பேரில் ஜிம்முக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே பாதிப் பணத்தையும் அனுப்பியிருக்கிறான். கோபப்படுவதா, அவன் பெருந்தன்மையை மெச்சுவதா என்று தெரியவில்லை. வரம்பு மீறியவள். கல்யாணம் முறிந்த வருஷம் பெரியம்மாவின் வாயிலிருந்து கேட்ட சொல்.

அன்றைக்கே அந்தப் பதிவுகளைப் பிரிவு மாற்றிவிட முயன்றாள். முடிந்துபோன மாதத்தைத் திருத்த இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஒப்புதல் கேட்டு அனுப்பினாள், அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. உதவி என்ற இடத்தில், 'உங்கள் பிரச்சினை எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஓர் இயந்திரம் பேசிற்று. நாலு கேள்வி கேட்டுவிட்டு, 'உங்கள் செலவைக் குறைக்க ஐந்து வழிகள்' என்ற கட்டுரையைக் கொடுத்து விடைபெற்றது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் பயிற்சி, வாரத்துக்கு ஒருநாள் ஆக்கிடலாமாக்கா? எட்டு மாசம் ஆச்சே. ஆப்புல பாத்தா அந்தக் கோடு மட்டும்தான் ஏறிக்கிட்டே போகுது."

"கோடு ஏறுதுதான். அப்பா கையும்தான் ஏறுது. தோள் வரைக்கும் வந்திருக்கு. அது உன் ஆப்புல தெரியாது."

"யோசிச்சுச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அந்த மாதம்தான் கடையில் புதிய வெட்டும் இயந்திரம் வாங்கினார்கள். அதைக் கற்றுக்கொள்ள அவள் மூன்று நாள் வெளியூர் போக வேண்டும், போகாவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். கீழ்வீட்டு அம்மா இரவில் தங்க மாட்டாள். தம்பியிடம் கேட்டாள். ஒரு பேச்சில்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மருந்து வேளை, திருப்பிப் படுக்க வைக்கிற வேளை, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது வரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பயிற்சிக் கூடத்தில் பத்துப் பேர். முதல் நாள் மதியம் கைப்பேசியைத் திறந்தபோது, தம்பியின் பதிவுகள் வரிசையாக நின்றன. காய்கறி, பிரிவு: உணவு, குறிப்பு: கேரட், பீன்ஸ். ஆட்டோ, பிரிவு: போக்குவரத்து. காசு சுத்தமாக, நேரம் சுத்தமாக. கிடங்குப் பேரேடு மாதிரியே இருந்தது. இரண்டாம் நாள் குறிப்புகள் நின்றுவிட்டன. 'மற்றவை' என்று ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொரு 'மற்றவை'. பிறகு ஒரே தொகை மூன்று தடவை. 'சேமி'யை அழுத்தி, ஒன்றும் நடக்காததைப் பார்த்து, மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னதாக ஒரு திருப்தியும் வந்தது, அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை. மதியம் வரை பார்த்தாள். 'வாழ்த்துகள்! உங்கள் செலவு வெகுவாகக் குறைந்துள்ளது!' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது, வண்ணக் காகிதங்கள் சிதறுகிற படத்தோடு. அந்த வீட்டில் செலவு குறைய வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்? கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். கீழ்வீட்டு அம்மாவும் எடுக்கவில்லை. சான்றிதழ் தருவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள். மூன்றரை மணி நேரப் பயணம். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்காகக் கைப்பேசியைப் பார்த்தபடி வந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பினாயில் வாடை. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முகம் மழித்திருந்தது, தாடையில் ஒரு வெட்டு, அதில் ஒட்டிய காகிதத் துணுக்கு. அவளைப் பார்த்து, "மேல" என்றார் தெளிவாக. அவள் பையை அப்படியே தரையில் போட்டுவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

தம்பி பின்கட்டில் இருந்தான். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பெரிய வாளியில் படுக்கை விரிப்புகளை அமுக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன.

"போனை எடுக்க மாட்டியாடா? உயிரே போயிடுச்சு எனக்கு."

"காலையிலேருந்து வயித்தால போகுதுக்கா அப்பாவுக்கு. இப்பத்தான் நின்னுச்சு. ஆறு விரிப்பு. கீழ்வீட்டம்மா டாக்டர்கிட்ட மருந்து கேட்டு வாங்கப் போயிருக்காங்க. போன் எங்க வச்சேன்னே தெரியல." 

பிறகு, "கஞ்சி நான்தான் சரியா ஆக்கல போல" என்றான்.

"அதெல்லாம் எனக்கும் நடந்திருக்கு."

அவன் விரிப்பை அமுக்குவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே பேசினான். "நேத்து அந்தப் பயிற்சி அம்மா வந்தாங்க. அப்பா தோளை நான் புடிச்சுக்கிட்டேன். அரைமணி நேரம். அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஆனா நிறுத்தச் சொல்லல. போதும்னு சொல்லத் தெரியும்ல அவருக்கு? சொல்லவே இல்லக்கா."

அவள் தரையில் கிடந்த சோப்பை எடுத்து மாடத்தில் வைத்தாள். 

"என்கிட்ட நெஜமாவே காசு இல்லக்கா," என்றான். "என் வீட்டுக்காரிக்கு அஞ்சு மாசமா பாதி நாள்தான் வேலை. பாதிச் சம்பளம். வீட்டு லோன் வேற."

அஞ்சு மாசம். செயலி வந்து நாலு மாசம். அவள் கணக்குப் போடவில்லை, கணக்கு தானே வந்து நின்றது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"என்னன்னு சொல்றது? நீ ராப்பகலா பாத்துக்கிற. நான் பாதி காசு கொடுக்கிறேன், அவ்வளவுதானே. அந்தப் பாதியும் முடியாதுன்னா அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு? அந்தக் கோடு செவப்பா ஏறுறப்ப எல்லாம், நீயே பாத்துட்டு நீயே குறைச்சுடுவேன்னு நெனச்சேன். நான் வாயத் தொறக்க வேணாம்னு நெனச்சேன்."

அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வாளியருகே வந்தாள். வாரத்துக்கு இரண்டு நாளாக்கலாம் என்று சொல்ல நினைத்தாள். மூன்று நாளில் எந்த நாளை எடுப்பது என்று தெரியவில்லை. அவன் வீட்டு நிலைமையைத் தான் கேட்காமல் இருந்ததும் தனக்கு ஒரு வசதியாகத்தான் இருந்ததோ என்றும் தோன்றியது. எங்கேயோ துணிக் குவியலுக்குள்ளிருந்து அவன் கைப்பேசி கிணுகிணுத்து அடங்கியது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இப்படித் தனியாப் பிழிஞ்சா நாளைக்கும் காயாது. அந்த முனையைக் குடு."

அவன் ஒரு முனையைக் கொடுத்தான். நனைந்த விரிப்பு கனமாக இருந்தது. இருவரும் அதை இழுத்துப் பிடித்து, அவள் ஒரு பக்கமாகவும் அவன் எதிர்ப்பக்கமாகவும் முறுக்கினார்கள். விரிப்பு கயிறாகிக்கொண்டே வந்தது. முதலில் கொட்டியது, பிறகு சொட்டியது. இன்னும் ஒரு முறுக்குக்கு இடமிருந்தது. அவன் கால்விரல்களை ஈரத் தரையில் ஊன்றிக்கொண்டான். அவள் மணிக்கட்டை மாற்றிப் பிடித்தாள்.