ஏழு புழுக்களும் அக்காவின் பென்சிலும்

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல; ஒட்டுக்கேட்டது. என் அக்கா ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். பாத்திரம் கழுவியபடி தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை இருபது நிமிடம் குடித்தேன். எழுதிய பிறகு மனசு கேட்காமல் அவளிடமே காட்டினேன். விடைத்தாள் திருத்துகிற கை சும்மா இருக்குமா? சதுர அடைப்புக்குறிக்குள் வருபவையெல்லாம் அவள் பென்சிலில் எழுதியவை.

2

காலைச் சூரியன் பள்ளித் தோட்டத்தின்மேல் பொன்னை அள்ளி—

[டேய், தோட்டம் கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கு. பதினோரு மணி வரைக்கும் அங்க வெயிலே கிடையாது.]

சரி, வேறு தொடக்கம். நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி. தோட்டத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதுவது அவள்தான் என்பதால் அவளுக்கே பலகைக்காரி என்று பெயராகிவிட்டது. எலுமிச்சைக் கன்றில் ஏழு பச்சைப் புழுக்கள் வந்ததும் அவற்றுக்கும் ஒரு பலகை எழுதி நட்டாள்: ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வரவும்.’

[உண்மை. மூணு எழுத்துப்பிழை இருந்துச்சு. நீ திருத்திட்ட.]

3

திங்கட்கிழமை, பள்ளித் தோட்டங்களைப் பார்த்துப் பரிசு தரும் குழு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை தலைமையாசிரியை தோட்டத்தைச் சுற்றிவந்தார். எலுமிச்சையில் பாதி வெறும் காம்பு.

“அந்தப் புழுவையெல்லாம் முதல்ல எடுங்க டீச்சர். பாக்கவே கண்றாவியா இருக்கு.”

(அவரைக் கொடுமைக்காரியாகக் காட்ட ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தேன். [அவங்க நல்லவங்க. கழட்டு.] கழற்றிவிட்டேன்.)

பலகைக்காரி ஏழு புழுக்களையும் டிபன் பாக்ஸ் மூடியில் ஏற்றிக்கொண்டு அக்காவின் மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், முட்டைக்கோஸ் பாத்தியில விடவா? அதைத் தின்னுமா?”

அக்கா வருகைப் பதிவேட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். நிமிரவில்லை.

“இலைதானே, எல்லாம் ஒண்ணுதான். விடு.”

எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். கதையைக் கவிழ்க்கும் வாக்கியத்தை யாரும் யோசித்துச் சொல்வதில்லை—

[தத்துவம் வேண்டாம். மேல போ.]

4

எலுமிச்சைப் புழு முட்டைக்கோசைத் தொடாது. பட்டினி கிடந்தாலும் தொடாது. அக்கா நடத்துகிற பாடப்புத்தகத்திலேயே இது இருக்கிறது.

[பக்கம் 62.]

திங்கள் காலையில் மூன்று செத்துக் கிடந்தன. இரண்டைக் காணோம். மிச்சமிருந்த இரண்டும் ஒரு கடிகூடப் படாத இலைமேல் துவண்டு கிடந்தன. அக்கா அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் எலுமிச்சையில் விட்டாள். குழு வந்தது, பலகையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தது, பரிசை வேறு பள்ளிக்குக் கொடுத்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

[எனக்குக் கொஞ்சம் இருந்துச்சு.]

பலகைக்காரி முட்டைக்கோஸ் பாத்தியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் மெதுவாத்தான் தூக்கினேன் டீச்சர். நசுக்கவே இல்ல.”

“பரவாயில்ல, விடு” என்றாள் அக்கா.

அன்றிலிருந்து பலகைக்காரி தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. புதிதாக நட்ட கத்தரிக்கு இன்னும் பலகை இல்லை. தப்புச் செய்தவள் மன்னித்துவிட்டாள். செய்யாதவள் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இதை எழுதும்போது எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது.

இந்த இடத்தில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: தப்பிய புழுக்கள் வண்ணத்துப்பூச்சிகளாகி வகுப்பறை ஜன்னல் வழியே பறந்துவந்து, பலகைக்காரியின் நோட்டில் சரியாக—

[சினிமா.]

இரண்டாவது: அக்கா வகுப்பின் நடுவே நின்று, “தப்பு உன் மேல இல்லம்மா. நான்தான் தலையைக்கூடத் தூக்காம சொல்லிட்டேன்” என்கிறாள். பலகைக்காரி அவளை நிமிர்ந்து—

[இது நடக்கல. நான் இன்னும் சொல்லல.]

பென்சில் அழுந்தியதில் தாள் அங்கே கிழிந்திருந்தது. கிழிசலுக்குக் கீழே, பொடி எழுத்தில்:

[நாளைக்கு முதல் பீரியட் எனக்கு நாலாம் வகுப்பு. அதுவரைக்கும் இதை யார்கிட்டயும் காட்டாத.]

அந்த ‘நாளைக்கு’ இன்று விடிந்துவிட்டது. முதல் மணி அடித்திருக்கும். கையில் சாக்பீஸோடு அக்கா நிற்பாள். மூன்றாவது பெஞ்சில் பலகைக்காரி குனிந்தே உட்கார்ந்திருப்பாள்.

மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். என்னிடம் கொடுத்தால் சொல்லிவிட்டாள் என்றுதான் எழுதுவேன். என்ன இருந்தாலும் நான் அவள் தம்பி.