வாசலில் நின்ற தோணிக்காரர்

"தலைப்பக்கம் சாய்ச்சுப் பிடிங்கப்பா, சுவர்ல இடிக்குது," என்றார் கொழுந்தனார்.

கட்டில் நடைவழியில் சிக்கிக்கொண்டது. ஒரு பக்கம் முழுக்க, கூரை தொடும் அளவுக்கு போட்டோ நெகடிவ் பெட்டிகள். அவற்றை மாடிக்கு ஏற்றச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். இப்போது பெட்டிகளின் சொந்தக்காரரே அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டு கிடந்தார், விடியற்காலையில் மூச்சு நின்றவர்.

ஒரு வழியாகக் கணவரை முன்னறையில் கிடத்தினார்கள். அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் படுக்கையில் கிடந்தவரைப் புரட்டிப் புரட்டித் துடைத்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அழவும் தெம்பில்லை.

வந்தவர்கள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கண்கள் சுவருக்கு ஏறிவிட்டன. எல்லாம் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். இடித்துவிட்ட சினிமாக் கொட்டகை, குதிரைவண்டி ஸ்டாண்டு, ரயில் நின்றுபோன ஸ்டேஷன். ஒரு படத்தைக் காட்டி "அட, எங்கப்பா!" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தோணிக்காரரின் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரும் வந்திருக்காரு. வாசல்லயே நிக்கிறாரு."

"உள்ள வரச் சொல்லேன்."

அந்தப் பெண் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

ஆற்றுக்குப் பாலம் திறந்த அன்று கணவர் எடுத்த படம். கரையேற்றிய தோணியின்மேல் உட்கார்ந்து தோணிக்காரர் வாய்விட்டு அழுகிறார். பத்திரிகையில் வந்தது, பரிசும் வாங்கியது. அன்றிலிருந்து ஊரே அவரை 'அழுமூஞ்சி' என்று கூப்பிட்டது. கணவரும் அவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்த சிநேகிதர்கள். அதற்கப்புறம் அவர் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவள் ஒருமுறை கேட்டதுண்டு. "அது அவன் அழுகையில்லடி, ஆத்தோட அழுகை," என்றார் கணவர். ஆற்றையா ஊர் கேலி பண்ணுகிறது என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

அவள் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?" கொழுந்தனார் பதறினார். "அண்ணனுக்குப் பேர் வாங்கிக் குடுத்த படம். அவரைத் தூக்குற வரைக்குமாவது இருக்கட்டுமே!"

"ஸ்டூலைப் பிடிங்க தம்பி. தலை சுத்துது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். சட்டம் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"உள்ள கொண்டு போய் வையுங்க."

மனைவி போய்க் கூப்பிட, தோணிக்காரர் உள்ளே வந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே போய்க் கால்மாட்டில் நின்றார்.

"ஏண்டா, ஒரு ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா..."

வாய் கோணியது, தோள்கள் குலுங்கின. அழுகைச் சத்தம் கேட்டு வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அவள் இடுப்பைப் பிடித்தபடி நடந்து போய், தெருக்கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.